ஹாமில்டன் ஏறிய ஏணி, வெர்ஸ்டாப்பன் போட்ட தாவல்

கார்ட்டிங்கில் (சின்னத் திறந்த வண்டிகளின் பந்தயம்) தொடங்கி, கார் பந்தயத்தின் உச்சமான ஃபார்முலா ஒன்னுக்குப் போக ஒரே வழிதான் என்று நினைப்பவர்கள் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

லூயிஸ் ஹாமில்டன் 8 வயதில் கார்ட்டில் போட்டியிடத் தொடங்கினார். வசதியான குடும்பமில்லை, செலவைச் சமாளிக்க அப்பா ஒரே நேரத்தில் பல வேலை பார்த்தார். 1998-இல் ஃபார்முலா ஒன் அணியான மெக்லாரன் கைகொடுத்தது. அப்புறம் கீழ்நிலைக் கார் பந்தயத் தொடர்கள் வழியாகப் படிப்படியாகத்தான்: 2003-இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ரெனோ, 2005-இல் எஃப்3 யூரோ சீரிஸ், 2006-இல் ஜிபி2, மூன்றிலும் சாம்பியன். 2007-இல் ஃபார்முலா ஒன். முதல் ஆண்டே ஒரே ஒரு புள்ளியில் பட்டம் நழுவியது.

மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் கதை வேறு. அப்பா யோஸ் ஃபார்முலா ஒன் ஓட்டியவர், அம்மாவும் கார்ட்டிங் வீராங்கனை. 2013-இல் கார்ட்டிங் உலகப் பட்டம், 2014-இல் எஃப்3-இல் ஒரே சீசன், 2015-இல் 17 வயதில் நேராக ஃபார்முலா ஒன்! சாலையில் ஓட்டும் உரிமம்கூட அப்போது இல்லை.

அனுபவம் போதாது என்றார்கள். 2016 பிரேசில் பந்தயத்தில், மழையில் பதில் வந்தது. வழக்கமான பாதையில் டயர் ரப்பர் படிந்திருக்கும். ஈரத்தில் அது வழுக்கும். மேக்ஸ் கார்ட்டிங்கில் பழகியபடி அதை விட்டு வெளியோரமாக வளைத்தார். கடைசிச் சுற்றுகளில் 16-ஆம் இடத்திலிருந்து 3-ஆம் இடம்.

சரி, எது நல்லது? தாவல் பிரமிப்பூட்டும்; ஆனால் அதற்கு வீட்டிலேயே ஒரு பயிற்சியாளர் வேண்டும். என் ஓட்டு ஏணிக்குத்தான். 2016-இல் ஃபார்முலா ஒன் ஓட்டும் உரிமத்துக்கு 18 வயது வரம்பும், கீழ்நிலைத் தொடர்களில் 40 உரிமப் புள்ளி சேர்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்ததால், அந்தக் கதவும் பெரும்பாலும் சாத்தப்பட்டுவிட்டது.