வீட்டு நெட்வொர்க்கில் கோப்புப் பரிமாற்றம்: ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் வழிகள்

விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் ஒரே ரவுட்டரில் இருக்கும் வீட்டில் கோப்பு அனுப்ப வழிகளுக்குப் பஞ்சமில்லை. நீண்ட காலப் பயன்பாட்டில் நிலைத்து நிற்பவை மூன்று. அன்றாட வேலைக்கு எஸ்எம்பி பகிர்வு (ஒரு கணினியின் கோப்புறையை மற்றவை நெட்வொர்க் வழியே திறக்கும் முறை; லினக்ஸில் அதைத் தருவது சாம்பா மென்பொருள்). மொத்தமாக நகலெடுக்க ஆர்சிங்க், விண்டோஸில் ரோபோகாப்பி. அவசரத்துக்கு ஒன்றிரண்டு கோப்பு தள்ள லோக்கல்சென்ட்.

எதைப் பயன்படுத்தினாலும் வேகம் குறைந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். கிகாபிட் இணைப்பில் ஒரு பெரிய கோப்பு வினாடிக்கு 110 எம்பி (மெகாபைட்; 8 பிட் ஒரு பைட்) அளவில் போக வேண்டும். 11 எம்பியில் முட்டி நின்றால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். கிகாபிட்டுக்கு கேபிளின் 8 கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 4 போதும். அதனால் மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனால் பெரும்பாலும் இணைப்பு அறுவதில்லை, வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். நல்ல கேட் 5இ கேபிளை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். குறை வட்டிலா நெட்வொர்க்கிலா என்று பிரித்தறிய ஐபெர்ஃப்3 என்ற கருவி போதும். அது வட்டைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும்.

இரண்டு கணினிகளும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) ரவுட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து ஒருமுறை எனக் காற்றில் இருதடவை போகிறது. வேகம் ஏறக்குறையப் பாதியாகும். ஒன்றையாவது கேபிளில் மாட்டுங்கள். நூற்றுக்கணக்கான ஜிபி நகர்த்த வேண்டுமானால் இரு கணினிகளையும் ஒரே கேபிளால் நேரடியாக இணைக்கலாம். கிகாபிட் போர்ட்டுகளுக்கு கிராஸ் கேபிள் தேவையில்லை. ரவுட்டர் இல்லாதபோது விண்டோஸும் மேக்கும் 169.254 எனத் தொடங்கும் முகவரியைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும்.

அதிகம் பேரைச் சோதிப்பது வேகமல்ல, "அந்தக் கணினியே தெரியவில்லை" என்பதுதான். விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலை நம்பியிருக்க வேண்டாம். ரவுட்டரின் டிஎச்சிபி (முகவரி வழங்கும்) அமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஐபி முகவரியை ஒதுக்கிவிட்டு, எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டு அந்த எண்ணைத் தட்டுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் மூன்று இடங்களில் தேடலாம்: விண்டோஸ் இந்த நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக வைத்திருக்கிறதா, யாராவது கெஸ்ட் வைஃபையில் இருக்கிறார்களா, விபிஎன் ஓடுகிறதா.

அடுத்த முட்டுக்கட்டை கடவுச்சொல். விண்டோஸின் பின் எண் அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியே வருபவர் கணக்கின் முழுக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். பகிர்வுக்கென்றே ஒரு லோக்கல் கணக்கு திறந்துவிடுவது நிம்மதி. லினக்ஸில் லாகின் கடவுச்சொல் வேறு, சாம்பா கடவுச்சொல் வேறு. இரண்டாவதைத் தனியாக அமைக்க வேண்டும். மேக்கில் ஃபைல் ஷேரிங்கை இயக்கினால் மட்டும் போதாது, அதன் ஆப்ஷன்ஸுக்குள் போய் விண்டோஸ் பகிர்வுக்காக உங்கள் பயனர் பெயரையும் டிக் செய்ய வேண்டும்.

பழைய ரவுட்டரின் யுஎஸ்பி வட்டு திறக்கவில்லை என்றால் அது எஸ்எம்பி 1 மட்டுமே பேசுவதாக இருக்கலாம். விண்டோஸில் அதை மீண்டும் இயக்கச் சொல்லும் யோசனைகள் எங்கும் கிடைக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். வட்டைக் கழற்றி ஏதாவதொரு கணினியில் மாட்டிப் பகிர்வதே சரி.

பத்தாயிரக்கணக்கான சிறு கோப்புகளை எஸ்எம்பியில் இழுத்துப் போட்டால், கோப்புக்குக் கோப்பு திறக்க, எழுத, மூட எனத் தனித்தனி உரையாடல் நடப்பதால் கேபிள் சும்மா கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி அனுப்பினால் முழு வேகம் வரும். ஆர்சிங்கில் மூலக் கோப்புறைப் பெயரின் இறுதியில் சாய்வுக்கோடு (/) இருந்தால் உள்ளடக்கம் மட்டும் போகும். இல்லாவிட்டால் கோப்புறையே போகும். மூலத்தில் இல்லாதவற்றை நீக்கும் விருப்பத்தோடு ஓட்டும் முன் டிரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) கட்டாயம். ரோபோகாப்பியோ, பூட்டிய கோப்பொன்றில் சிக்கினால் இயல்பாகவே 30 வினாடிக்கு ஒருமுறை வீதம் 10 லட்சம் தடவை முயலும். முயற்சியை 2 ஆகவும் காத்திருப்பை 5 வினாடியாகவும் குறைத்துவிடுங்கள்.

கணினிகளின் கோப்புறைகளைத் தானாக ஒத்திசைக்கும் சிங்க்திங் அருமையான கருவி, ஆனால் பேக்கப் ஆகாது: ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். பழைய பிரதிகளைக் காத்துவைக்கும் ஃபைல் வெர்ஷனிங்கை முதல் நாளே இயக்குங்கள்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 'கோ' என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து, அதே பெயர் ஒரே குறியீட்டில் ஏற்கெனவே இருக்கும் லினக்ஸுக்கு நகலெடுத்தால் கண்ணுக்கு ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள் அருகருகே உட்கார்ந்திருக்கும்; தேடினால் ஒன்று மட்டும் சிக்கும். ஆர்சிங்கில் பெயர்களின் குறியீட்டை மாற்றும் ஐகான்வ் விருப்பத்தில் மேக் பக்கத்துக்கு 'யுடிஎஃப்-8-மேக்' என்றும் லினக்ஸ் பக்கத்துக்கு 'யுடிஎஃப்-8' என்றும் கொடுத்தால் பெயர்கள் வழியிலேயே மாற்றப்படும். மேக்கோடு வரும் ஆர்சிங்கில் இந்த வசதி இல்லை, 3ஆம் பதிப்பைத் தனியே நிறுவ வேண்டும். முழுக் கோப்புறையையும் அனுப்பும் முன் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் பெயரில் உள்ள ஒரு கோப்பை, லினக்ஸில் தட்டச்சிட்ட அதே பெயர்க் கோப்பு இருக்கும் கோப்புறைக்கு அனுப்பிப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டாவது கோப்பு தோன்றாவிட்டால் அமைப்பு சரி.