நரிக்குக் காவல்: டார்ச்சா, நாயா, கருக்கு வேலியா?

கோழியை நரி தூக்கிவிட்டால் நம் ராமநாதபுரம் பக்கம் உடனே கிளம்பும் பேச்சு, "ராத்திரி லைட் அடிச்சுப் போட்டுத் தள்ளிடுவோம்" என்பதுதான். அதை முதலிலேயே கழித்துவிடலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நரி முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே பட்டியல். துப்பாக்கி, சுருக்கு, விஷம், கறிக்குள் வைக்கும் வெடி எல்லாமே வேட்டைதான். மாட்டினால் குறைந்தது 3 ஆண்டு சிறை. சட்டத்தை விடுங்கள், விஷம் தடவிய கறியைப் பக்கத்துத் தோட்டத்து நாய் முந்திக்கொண்டு தின்றுவிட்டால் என்ன செய்வது? வயல் எலியை ஒழித்துக்கொண்டிருப்பதும் இதே நரிதான்.

மிச்சம் மூன்று வழி.

டார்ச் காவல் பழைய வழி. தலையில் மாட்டும் எல்.இ.டி. விளக்கு வந்த பிறகு கை இரண்டும் சும்மா இருக்கிறது. ஒரு கையில் தகரம், மறு கையில் கம்பு. வெளிச்சம் பட்டதும் இரண்டு கண்ணும் மின்னும், அடுத்த நொடி சீமைக்கருவேலப் புதருக்குள் மறைந்துவிடும். சாயல்குடிப் பக்கமும் சரி, உச்சிப்புளிப் பக்கமும் சரி, வரப்பு முடியும் இடத்திலேயே கருவேலம் ஆரம்பிக்கிறது. நீங்கள் வடக்கே துரத்தினால் அது தெற்கே சுற்றி வரும். வெளிச்சம் தன்னை ஒன்றும் செய்யாது என்பதும் அதற்குச் சீக்கிரமே பழகிவிடும். தானாக மினுக்கும் சோலார் விளக்கின் கதையும் இதுதான். போதாததற்கு வரப்பில் சுருட்டைவிரியன் கிடக்கும். செருப்போடு ராத்திரி சுற்றுவது நரியைவிட ஆபத்து.

நாய் இதைவிட மேல். ஆனால் அது நரியை விரட்டிப் பிடிக்க வேண்டியதில்லை, குரைத்தாலே போதும். வீட்டுத் திண்ணையில் கட்டிப்போட்டால் பயனில்லை, பட்டிக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும். ஒன்றைவிட இரண்டு நல்லது. வெறிநாய்க்கடி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நரிக்கும் வெறி பிடிக்கும், கடிபட்ட நாய் அதை வீட்டுக்குக் கொண்டுவரும்.

இன்னொன்று, திருடன் நரிதானா என்பதையும் விடிந்ததும் பாருங்கள். ஒரு கோழி மட்டும் காணாமல், இறகு புதரை நோக்கிச் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் நரி. நாலைந்து செத்துக் கிடக்க, எதையும் தின்னாமல் போயிருந்தால் தெருநாயைச் சந்தேகப்படுங்கள். சின்ன ஓட்டை வழியே புகுந்து கழுத்தைக் கடித்திருந்தால் மரநாயாக இருக்கலாம். பழி என்னவோ எப்போதும் நரிக்குத்தான்!

என் ஓட்டு மூன்றாவதுக்கு: நன்றாக அடைப்பது. கோழியை மூடிவைக்கும் வெறும் பஞ்சாரக் கூடையை நரி மூக்கால் நெம்பிக் கவிழ்த்துவிடும், மேலே கல் வைத்தாலும் நம்ப முடியாது. மெல்லிய கோழிவலையைப் பல்லால் கிழிக்கும். பற்றவைத்த கம்பிவலையான வெல்டு மெஷ் தாங்கும், ஆனால் நம் கடற்கரை மணலில் பள்ளம் தோண்டுவது அதற்கு விளையாட்டு. அதனால் வலையை நேராக மண்ணுக்குள் இறக்குவதோடு நிறுத்தாமல், அடியில் ஒரு அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடக்கி மண்ணால் மூட வேண்டும். நரி சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். கால் வலையில் தட்டும். ஒரு அடி பின்னால் தள்ளிப்போய்த் தோண்டலாம் என்ற யோசனை அதற்கு எளிதில் வராது.

உப்புக்காற்றில் மெஷ் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதுதான் குறை. ஆட்டுப்பட்டிக்கு அவ்வளவு செலவு வேண்டாம். பனை மட்டையை நெருக்கமாக நட்டு, கருக்கு வெளியே பார்க்கும்படி கட்டி, அடியில் கருவேல முள்ளைத் திணித்தாலே போதும். வாள் பல் போன்ற அந்தக் கருக்கில் நரி முகத்தை வைக்காது. மட்டையும் முள்ளும் நம் ஊரில் காசில்லாமல் கிடைப்பவை. கயிறு மட்டும் வெயிலில் இற்றுப்போகும், அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும். குட்டிகளைத் தனியாகக் குடாப்புக்குள் (குட்டி அடைக்கும் கூடைக்குள்) அடைத்துவிடுங்கள்.

தர்பூசணியையும் நரி விடாது, ஆனால் அதைப் போட்டவர்களுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. திறந்த வயலை முழுக்க அடைக்க முடியுமா? காய் பழுக்கும் அந்தச் சில வாரத்துக்கு நாயும் டார்ச்சும்தான் கதி. அப்போதும் பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.