மருந்து என்று ஊற்றினார், பவளத்தையும் தூக்கிக்கொண்டு போனார்

தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் இல்லாமல், கையில் ஒரு பாட்டிலோடு வந்து உங்கள் மீன்தொட்டியிலிருக்கும் உயிர்ப் பவளத்தைப் பிழைக்க வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் கதவைச் சாத்திவிடுங்கள். நான் திறந்துவிட்டேன். 225 சிங்கப்பூர் வெள்ளி போனது.

சிங்கப்பூரில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றால் கதை முடிந்தது. ஒரு கல்யாணத்துக்கு மதுரை போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால் தண்ணீர் 31.4 டிகிரி. மீனுக்குத் தீனி போட வந்த மச்சான் பாவம், தினமும் வந்து மீன்களை எண்ணிவிட்டுப் போயிருக்கிறார், தெர்மாமீட்டரையும் பாருங்கள் என்று நான்தான் சொல்லவில்லை. மூன்று தலை ஹேம்மர் பவளம் வெளுத்துச் சுருங்கிச் சுண்ணாம்புக் கூட்டுக்குள் போய்விட்டது. டார்ச் என்ற இன்னொரு பவளத்துக்கு விளிம்பில் மட்டும் சதை இறங்கி, வெள்ளை ஓடு நகக்கண் அளவுக்குத் தெரிந்தது.

பதற்றத்தில் ஒரு கடையின் பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டேன். நம்ம ஊர்க்காரர் வேறு. வந்தார், கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினார், “அண்ணே, ஒண்ணும் பயப்படாதீங்க, இது பவளத்துக்கு வர்ற காய்ச்சல்தான்” என்றார். உப்பளவு பார்க்கவில்லை, எதையும் அளக்கவில்லை. வந்ததற்கு 80 வெள்ளி, லேபிள் இல்லாத அரை லிட்டர் பாட்டிலுக்கு 65 வெள்ளி. ஒரு மூடி ஊற்றியதும் பால் கலந்தது போல வெள்ளை மேகம் கிளம்பியது. “பாத்தீங்களா, மருந்து வேலை செய்யுது.” தினமும் ஒரு மூடி என்று சொல்லிவிட்டு விளக்கையும் 90 சதவீதத்துக்கு ஏற்றி வைத்தார். வெளுத்த பவளம் என்றால் உடம்பிலிருக்கும் நுண்பாசியை வெப்பத்தில் வெளியே தள்ளிய பவளம், அதற்கு அப்போது வேண்டியது நிழல். இது எனக்கே தெரியும், ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் ஹேம்மரின் ஒரு தலை பழுப்புக் கூழாக வழிந்தது. மறுபடி வந்தார், மறுபடி 80 வெள்ளி. இரண்டுமே செத்துவிட்டது, வைத்தால் மற்றதுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஹேம்மர், டார்ச் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போனார். டார்ச்சில் கூழ் ஒரு பொட்டுகூட இல்லை என்பது அவர் லிஃப்ட் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அன்று ராத்திரிதான் காரத்தன்மை பார்த்தேன். என் கிட்டில் ஐந்து மில்லி தண்ணீருக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு டிகிரி காரம், நீலம் மஞ்சளாக மாறும்வரை விடவேண்டும். எப்போதும் ஏழெட்டுச் சொட்டில் மாறுவது அன்று 13 சொட்டு வாங்கியது. சந்தேகம் வந்து, ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் அந்த ‘மருந்தை’ ஒரு மில்லி விட்டுப் பார்த்தேன். பூஜ்யமாக இருக்கவேண்டிய தண்ணீர் பத்துச் சொட்டுக்கு மேல் போனது. வேறென்ன, சோடா கரைசல்தான். சமையல் சோடாவை அடுப்பில் வறுத்தால் கிடைக்கிற பொருள், இரண்டு வெள்ளிக்கு மேல் ஆகாது. நல்ல தொட்டிக்கு அளந்து ஊற்றினால் அது நல்ல சாமான்தான். ஏற்கெனவே வெந்துகிடந்த பவளத்துக்கு மூன்று நாளில் காரத்தை ஐந்து டிகிரிக்கு மேல் ஏற்றினால் மிச்ச உயிரும் போகும்.

ஒரு நல்ல விஷயம். அவர் தூக்கும்போது ஹேம்மரின் ஒரு கிளை ஒடிந்து பாறைக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. அதை எடுத்து அயோடின் கலந்த தொட்டித் தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி, சூப்பர் க்ளூ ஜெல்லால் ஒரு கல்லில் ஒட்டி, நீரோட்டம் மெல்ல வரும் நிழல் மூலையில் வைத்தேன். தினமும் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றிக் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன், சில்லரையும் ஒரு நாளைக்கு ஒரு டிகிரி என்றுதான் குறைத்தேன். அப்புறம் கையை வைக்கவே இல்லை, அதுதான் ரொம்பக் கஷ்டம். ஐந்தாவது வாரம் ஓட்டின் விளிம்பில் சதை லேசாக உப்பியது. எட்டாவது வாரம் பச்சை நுனிகள் வந்தன, அதற்குப் பிறகுதான் மைசிஸ் என்ற குட்டி இறால் துணுக்கு கொடுத்தேன்.

(தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே கடின பவளம் எல்லாமே 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கடையில் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.)

நாலு மாதம் கழித்து வேறு சாமானுக்காக அதே கடைக்குப் போனேன். விற்பனைத் தொட்டியில் ஒரு டார்ச், 220 வெள்ளி. அடியில் நான் ஒட்டிய ரோஸ் நிற எபாக்ஸிப் பசை, அதில் என் கட்டைவிரல் அழுத்திய பள்ளம். கேட்டால், “இது போன வாரம் இந்தோனேசியாவுல இருந்து வந்ததுண்ணே” என்கிறார் அதே ஆள். போனில் பழைய படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உங்களுக்குன்னா 20 வெள்ளி குறைச்சுக்கலாம் என்றார்.

வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.