செங்கல் பீம்: கம்பியைப் பதிப்பதா, இழுத்துப் பூட்டுவதா?

செங்கல் கட்டு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். அதைப் பீமாக்க இரண்டு வழிகள் உண்டு. அடியில் கம்பியைப் பதித்துச் சுற்றிலும் கலவையால் நிரப்பலாம். இல்லையேல் உயர்வலிமைக் கம்பியை ஜாக்கியால் இழுத்து, இரு முனைகளிலும் பூட்டி, செங்கல் கட்டு முழுவதையும் முன்கூட்டி அமுக்கி வைக்கலாம். 1825இல் லண்டன் ராதர்ஹைத்தில் தேம்ஸ் சுரங்கத்துக்கான செங்கல் கிணற்றை மார்க் ப்ரூனெல் நெட்டுக்குத்தான இரும்புக் கம்பிகளால் முடுக்கிக் கட்டினார். அது இரண்டாம் வழிக்கு முன்னோடி.

ஒரு கணக்கு போடுவோம். அகலம் 230 மி.மீ., உயரம் 400 மி.மீ., நீளம் 4 மீட்டர். நடு அச்சுக்கு 67 மி.மீ. கீழே, இழப்பெல்லாம் போக 184 கிலோநியூட்டன் விசை நிற்கிறது என்று வையுங்கள். மேல் விளிம்பில் தகைவு (பரப்பளவுக்கு இவ்வளவு என்ற விசை) ஏறக்குறைய பூஜ்யம். கீழ் விளிம்பில் 4 மெகாபாஸ்கல் அமுக்கம். சொந்த எடையையும் சேர்த்து மீட்டருக்குச் சுமார் 12 கிலோநியூட்டன் ஏறும்வரை அடியில் இழுப்பே வராது. விரிசல் இல்லாததால் முழு வெட்டுமுகமும் உழைக்கும், தொய்வும் குறையும். வெறுமனே பதித்த கம்பியோ, அடிச்சாந்தில் விரிசல் விட்ட பிறகுதான் முழுதாக வேலைக்கு வரும். நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிக்கு இடம் கிடைக்காத செங்கல் பீமில், சாய்விரிசலைத் தள்ளிப்போடும் இந்த நீளவாக்கு அமுக்கம் பெரிய வரம்.

உடையும் கட்டத்தில் நிலைமை வேறு. அளவாகக் கம்பி பதித்த பீம் பல மெல்லிய விரிசல்களைக் காட்டி எச்சரிக்கும். இழுத்த கம்பி கட்டோடு ஒட்டாமல் குழாய்க்குள் தனித்து நின்றால், நடுவில் ஓரிரு அகல விரிசல்தான் வரும். பாரத்தை எடுத்தால் அவை மூடிக்கொள்ளும், எடுக்காவிட்டால் மேல் செங்கல் திடீரென நொறுங்கும். அதனால் கம்பி கட்டோடு ஒட்டும்படி குழாய்க்குள் சிமென்ட் பால் ஏற்றியே தீரவேண்டும் என்பேன்.

நாளடைவில் கட்டு மீட்டருக்கு அரை மி.மீ. சுருங்கினால் கம்பி 100 மெகாபாஸ்கல் இழக்கும். 1300 மெகாபாஸ்கலில் இழுத்த கம்பிக்கு அது எட்டு சதவீதம். 150 மெகாபாஸ்கலில் இழுத்த சாதாரணக் கம்பிக்கு மூன்றில் இரண்டு பங்கு.

சாதாரண நாட்டுச் சூளைச் செங்கல் என்றால் பதித்த கம்பியே போதும், 4 மெகாபாஸ்கலை அந்தச் செங்கல் கட்டு தாங்காது. வலுவான ஒயர்கட் கல் (இயந்திரத்தில் கம்பியால் அறுத்த செங்கல்) கிடைத்தால் நான் இழுத்துத்தான் பூட்டுவேன். ஆனால் பீமில் அமுக்கம் கல்வரிசையின் போக்கிலேயே பாய்கிறது. அடுத்தடுத்த கற்களுக்கு நடுவிலுள்ள நெட்டு இடுக்கைக் கொத்தனார் விளிம்பில் மட்டும் பூசிவிட்டால் அங்கேதான் முதலில் நொறுங்கும். ஜாக்கி வருமுன் ஒவ்வோர் இடுக்கும் ஆழம்வரை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.