வேலிக்கு எது: செம்பருத்தியா, டுரண்டாவா, நொச்சியா?

உடுமலைப்பேட்டைக்கு வெளியே நாங்கள் வீடு கட்டி முடித்தபோது, சுற்றுச்சுவருக்கென்று ஒதுக்கி வைத்த பணம் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போய்விட்டது. கல்தூண் நட்டுக் கம்பி மட்டும் இழுத்துவிட்டு, அதை ஒட்டி உயிர்வேலி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். தெற்கே சாலையோரம் 60 அடி. கிழக்கே காலி மனையை ஒட்டி 30 அடி. 2019 ஐப்பசியில் கிழக்கே செம்பருத்தியையும் தெற்கே நொச்சியையும் நட்டோம். நாற்றுப் பண்ணையில் வலிந்து பரிந்துரைத்த பொன்னிற டுரண்டாவை, அதாவது மஞ்சள் இலை கொண்ட அந்த அழகுச் செடியை, நாங்கள் வாங்கவில்லை. அதே மாதத்தில் என் மைத்துனர் திருப்பூரில் தம் வீட்டு முன்புறத்துக்கு அதை வாங்கினார். ஆக, மூன்றும் ஒரே வயதுடையவை. நான் நொச்சியின் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மற்றவற்றை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கொங்கு நாட்டுத் தோட்டங்களின் பழைய வேலியான கிளுவை ஆட்டையும் மாட்டையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் கோடையில் இலையுதிர்த்து முள்ளும் குச்சியுமாக நிற்பதால் வீட்டுக்கு மறைப்பாகாது. காகிதப்பூ சாலையில் நடப்பவர்களின் சட்டையைப் பிடித்து இழுக்கும். மருதாணி நல்ல செடிதான் என்றாலும் தொடக்கத்தில் மெதுவாக வளரும். எங்களுக்குப் பொறுமை இல்லை.

அழகை மட்டும் பார்த்தால் டுரண்டாவே முதலிடம் பெறும். மைத்துனர் வீட்டு வேலி, வெட்டிய மறுநாள் மஞ்சள் மதிலைப் போலவே இருக்கும். ஆனால் அந்த நிறம் கிடைக்க முழு வெயில் வேண்டும். மாமர நிழல் விழும் ஓரத்தில் இலை பச்சையாகவே நின்றுவிட்டது. பூக்க விட்டால் மணிமணியாகத் தொங்கும் அதன் மஞ்சள் காய்கள் நஞ்சுடையவை என்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு கண் எப்போதும் அங்கே இருக்க வேண்டியிருக்கிறது. இந்தச் செடியை நான் விருந்தாளியாகப் போய்ப் பார்த்ததோடு சரி, நட்டு வளர்த்தவனில்லை. எனவே அதைப் பற்றி இதற்கு மேல் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன்.

செம்பருத்தி என் மனைவியின் விருப்பம். பூசைக்குப் பூ, தலைக்கு அரைத்துத் தேய்க்க இலை என்று அவர் கூறிய காரணங்கள் எல்லாம் உண்மைதான். சிக்கல் மாவுப்பூச்சியில் தொடங்கியது. கொழுந்து சுருண்டு, நுனியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல் தெரிந்த மூன்றாம் நாளே எறும்புகள் சாரை சாரையாக ஏறத் தொடங்கின. இந்தப் பகுதியில் மாவுப்பூச்சி என்றால் அனைவருக்கும் பழைய நினைவு வரும். 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியோடு நில்லாமல் மல்பெரித் தோட்டங்களையும் சூறையாடி, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவியைத் தோட்டங்களில் விட்ட பிறகுதான் அடங்கியது. எங்கள் செடியில் வந்தது அதே இனமா என்று நான் ஆராயவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒரு முறை தெளித்ததில் குறைந்தது. மறு கோடையில் மீண்டும் வந்தது. வேலிக் கம்பிக்கு வெளியே நீண்ட கிளைகளை வெள்ளாடுகள் பார்த்துக்கொண்டன.

நொச்சியைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் அந்த வெள்ளாடுகள்தான். ஆடாதொடையைப் போலவே நொச்சித் தழையிலும் ஆடு வாய் வைப்பதில்லை. நாற்றுக்குக் காசும் இல்லை. வாய்க்கால் கரையிலிருந்து கட்டைவிரல் பருமனில் போத்துகள் (நடுவதற்கான கிளைத்துண்டுகள்) வெட்டி வந்து, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ஒரு வரிசைக்கு 40 வீதம் இரண்டு வரிசைகள் மாற்றி மாற்றி ஊன்றினோம். பட்டுப்போன ஏழு இடங்களில் கார்த்திகையில் மறுபடி நட்டோம். முதல் கோடையில் வாரம் இரு முறை தண்ணீர் விட்டதோடு சரி. புறத்திணையில் மதிலை வளைப்பவர் உழிஞையும், உள்ளிருந்து மதிலைக் காப்பவர் நொச்சியும் சூடுவார்கள் என்பது வேலி நட்டு வெகு நாள் கழித்துத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆனால் உயிர்வேலியின் தலையெழுத்தை நிர்ணயிப்பது ஆடும் இல்லை, பூச்சியும் இல்லை, கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்தும் கவாத்துதான். நடும்போது இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு செடி ஆண்டுக்கு எத்தனை முறை வெட்டு கேட்கிறது, வெட்டினால் அது என்ன இழக்கிறது, வெட்டிய தழையை எங்கே போடுவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே செடியைத் தேர்ந்திருக்க வேண்டும். டுரண்டாவின் மதில் போன்ற வடிவம் நிலைக்க, மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கத்தரி போட வேண்டியிருக்கிறது. மைத்துனர் அதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார். செம்பருத்தி புதுக்கிளையின் நுனியில்தான் பூக்கும். ஆகவே வேலியாக ஒழுங்குபடுத்த வெட்டும் ஒவ்வொரு முறையும் நாம் மொட்டுகளைத்தான் வெட்டுகிறோம். வெட்டாமல் விட்டால் பூ உண்டு, வேலி இல்லை. வெட்டினால் வேலி உண்டு, பூ இல்லை. இந்த முரண்பாட்டுக்கு நான்கு ஆண்டுகளில் எங்களுக்கு வழி கிடைக்கவில்லை.

நொச்சிக்கு ஆண்டுக்கு நான்கு வெட்டு போதுமாக இருக்கிறது. பூவை நம்பி நட்டதில்லை என்பதால் இழப்பும் இல்லை. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் நான் செய்த தவறு பெரியது. சீக்கிரம் மறைப்பு வேண்டும் என்ற அவசரத்தில் செடியை ஆள் உயரத்துக்கு வளரவிட்டேன். மேலே தழை அடர்ந்தது. அடியில் முழங்கால் உயரம் வரை வெறும் குச்சிகள். தெருநாய்கள் தாராளமாக வந்து போயின. 2021 புரட்டாசிக் கடைசியில் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, 80 செடிகளையும் தரையிலிருந்து ஓர் அடி விட்டு அரிவாளால் வெட்டினேன். பக்கத்து வீட்டார் வேலியை அழிப்பதாகவே நினைத்தார்கள். ஐப்பசி மழையில் ஒவ்வொரு தூரிலிருந்தும் ஐந்தாறு கிளைகள் வெடித்து, தை பிறப்பதற்குள் இடுப்புயரம் வந்துவிட்டது. அதன் பிறகு அடியை அகலமாகவும் தலையைக் குறுகலாகவும் விட்டு வெட்டுகிறேன். மேல்பகுதி அடியை மறைக்காமல் இருந்தால்தான் வெயில் கீழே இறங்கி அடிக்கிளைகள் உயிரோடிருக்கும். முழங்கால் உயரத்திலேயே முதல் வெட்டைக் கொடுத்திருந்தால் இரண்டு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

வெட்டிய தழை எங்களுக்குச் சுமையாகவில்லை. பெரும்பகுதி தென்னைக்குத் தழையுரமாகப் போகிறது. கொஞ்சம் உலர்த்தித் துவரை டப்பாவில் வண்டு வராமலிருக்கப் போடுகிறோம். சளி பிடித்தால் ஆவி பிடிக்கவும் அதுதான். ஒரு முறை பச்சைக் குச்சிகளை அவரைக்கு ஊன்றுகோலாக நட்டு, இருபது நாளில் அவரைக்குப் போட்டியாக அவை துளிர்விட்டு நின்றதைப் பார்த்த பிறகு, காயவைத்துத்தான் ஊன்றுகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நொச்சி எவ்வளவு வெட்டினாலும் டுரண்டாவின் நேர்த்தி வராது. சாம்பல் பூத்த இலைகளுடன் சற்றுக் கலைந்த தோற்றம்தான். தண்ணீர் குறைந்தால் கோடையில் இலை மெலிந்து, வீட்டு முற்றம் சாலையிலிருந்து தெரியும். நொச்சி நின்றாலே கொசு வராது என்ற பேச்சும் எங்கள் வீட்டில் மெய்யாகவில்லை. காய்ந்த தழையைப் புகைத்தால் கொசு விலகுகிறது, செடி சும்மா நிற்பதால் எந்த வேறுபாடும் தெரியவில்லை.

கிழக்கு வேலியில் சென்ற ஆண்டு மாற்றம் செய்தோம். செம்பருத்தியில் நான்கு செடிகளை மட்டும் வேலியிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி, வெட்டாமல் புதராக வளரவிட்டிருக்கிறோம். பூசைக்கு அவை போதும். கம்பியோரம் காலியான இடத்தில் தெற்கு வேலியிலிருந்து வெட்டிய போத்துகளை ஊன்றியிருக்கிறோம். இந்த முறை முழங்கால் உயரம் வந்ததும் முதல் வெட்டை என் மனைவியே கொடுத்துவிட்டார்.