வேலைக்காயக் காப்புறுதி: தேக்கா உணவகம் ஒன்றின் ஓராண்டு அனுபவம்

சிங்கப்பூரின் தேக்காவில் பதினொரு பேர் வேலை செய்யும் ஓர் உணவகத்தை நடத்துகிறேன். சென்ற ஆண்டு நிறுவனம் மாறி எடுத்த வேலைக்காயக் காப்புறுதியில் ஒரு கோரிக்கையும் தாக்கல் செய்து முடித்துவிட்டதால், என்னைப் போன்ற சிறு முதலாளிகளுக்காக இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்த நிறுவனத்திடம் எடுத்தாலும் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே எனக்கு முக்கியம்.

சிங்கப்பூரில் உடலுழைப்பு வேலை செய்யும் எவருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி இந்தக் காப்புறுதியை எடுத்தே ஆக வேண்டும். மற்ற வேலைகளில் மாதம் 2,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை வாங்குவோருக்கும் இது கட்டாயம். எடுக்காவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலை அனுமதிச்சீட்டில் வந்தவர்களுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்கிறோமே, அது போதாதா என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்பதுண்டு. போதாது. அது தனி, இது தனி.

சட்டம் கேட்கும் அடிப்படைப் பாதுகாப்பு எல்லா நிறுவனங்களிலும் ஒன்றே என்பதால், விலையையும் சேவையையும் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க முடிகிறது. முதலில் வந்த முகவர், மிகைநேர ஊதியத்தை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதினால் சந்தா குறையும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் தேர்ந்தெடுத்த நிறுவனத்தின் படிவத்திலோ மிகைநேரத்துக்கென்று தனிக் கட்டமே இருந்தது. எண்ணெய்ச் சட்டியருகே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தொலைபேசியில் அழைத்தும் கேட்டார்கள். மற்றதைவிட 140 வெள்ளி கூடுதல்தான். அந்த ஒரு கேள்விக்காகவே கொடுக்கலாம்.

டிசம்பரில் ஒரு காலை, வடை போட்டுக்கொண்டிருந்த தம்பியின் கையிலிருந்து சல்லிக்கரண்டி நழுவிச் சட்டியில் விழ, கொதிக்கும் எண்ணெய் தெறித்து வலது முன்னங்கை வெந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போகும் டாக்சியில், ஈரத்துணியைக் கையில் சுற்றியபடி அவர் கேட்ட முதல் கேள்வி, “அண்ணே, எம்.சி. எடுத்தா சம்பளம் பிடிப்பீங்களா?” என்பதுதான். வலியைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்ததைப் பார்த்தபோது எனக்கு வேதனையாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

பதினெட்டு நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, கிடைத்தது. மருத்துவமனையில் தங்காமல் சிகிச்சை பெறுபவருக்கு முதல் 14 நாளுக்கு முழுச் சம்பளமும், அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கும் உண்டு. விபத்துக்கு முந்தைய 12 மாதச் சராசரி வருமானம்தான் கணக்கு, மிகைநேர ஊதியமும் அதில் சேரும். வேலையால் ஏற்பட்ட காயத்துக்கு ஒரே ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், இலகுவான வேலை மட்டும் பார்க்கச் சொன்னாலும், தெரியவந்த பத்து நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கு அறிவித்துவிட வேண்டும். நான் மூன்றாம் நாளே அறிவித்தேன்.

மருத்துவக் கட்டணம் மூன்று வாரத்தில் வந்து சேர்ந்தது. சம்பளப் பகுதிதான் இழுத்தது: ஒரே சம்பளச் சீட்டுகளை இரண்டு முறை கேட்டார்கள், ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் வர ஒன்பது நாளாயிற்று. காப்புறுதிப் பணம் வரட்டும் என்று தொழிலாளியைக் காக்கவைக்க முடியாது, வழக்கமான சம்பள நாளிலேயே கொடுத்தாக வேண்டும் என்பதால் கையிலிருந்து கொடுத்தேன். கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்திலேயே வந்தன. தமிழை ஆட்சிமொழியாகக் கொண்ட நாட்டில், காயம்பட்டவர் தம் உரிமையைத் தாமே படித்துக்கொள்ள ஒரு தமிழ்ப் பக்கமாவது சேர்த்திருக்கலாம். நான்தான் வரி வரியாக வாசித்துக் காட்டினேன்.

2025 நவம்பர் 1 முதல் மருத்துவச் செலவுக்கான வரம்பு 53,000 வெள்ளியாகவும், மரண இழப்பீட்டின் உச்சவரம்பு 2,69,000 வெள்ளியாகவும் உயர்ந்ததை இவர்கள் முன்கூட்டியே எழுதித் தெரிவித்திருந்தார்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். புதுப்பிக்கும்போது, கோரிக்கைகளைக் கவனிக்கும் அதிகாரி ஒருவரின் நேரடி எண் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அந்த எண்ணும், எம்.சி. நாள்களுக்கான சம்பள விவரமும் தமிழில் எழுதப்பட்டு இப்போது சமையலறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கின்றன.