கசேஷியஸ் வெள்ளி நாணயம்: பல வருடங்கள் வைத்திருந்த பிறகு

பிட்காயின் ஏற்றிய நாணயம் வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சேகரிக்கும் ஆசை இருந்தால் வாங்குங்கள், பிட்காயினைப் பத்திரப்படுத்த வேண்டும் என்றால் வேறு வழி பாருங்கள். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டின் கசேஷியஸ் வெள்ளி நாணயம், 1 பிட்காயின் ஏற்றியது. ஏற்றியது என்றால், அந்தப் பிட்காயினைச் செலவிடத் தேவையான ரகசியக் குறியீடு (பிரைவேட் கீ) நாணயத்தில் ஒரு ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும், உரித்தால்தான் எடுக்க முடியும். அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்த பிறகு, இன்னொரு சேகரிப்பாளரிடம் நேரில் பார்த்து வாங்கினேன்.

இதை உருவாக்கியவர் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மைக் கால்டுவெல். 2011இல் பித்தளை நாணயங்களோடு ஆரம்பித்தார். அப்புறம் 10 பிட்காயினுக்கு ஒரு அவுன்ஸ் வெள்ளி, 1000 பிட்காயினுக்குத் தங்கம் என்று வரிசை வளர்ந்தது. 2013இல் அமெரிக்க நிதிக்குற்றத் தடுப்பு அமைப்பான ஃபின்சென், இது பணப் பரிமாற்றத் தொழிலாகக் கருதப்படும் என்று தெரிவித்ததும், அந்த நவம்பரில் பிட்காயின் ஏற்றிய நாணயங்களின் விற்பனையை நிறுத்திவிட்டார். புதிதாக இனி வராது. இருப்பவற்றிலும் யாராவது ஸ்டிக்கரை உரிக்க உரிக்க, முழுசாக இருப்பவை குறைகின்றன. சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பது இதற்காகத்தான். ஆரம்பத் தொகுப்பில் ஹோலோகிராம் ஸ்டிக்கரில் கசேஷியஸ் என்ற பெயரே எழுத்துப்பிழையோடு அச்சாகியிருக்கும். அதைத் தேடி அலைகிறவர்கள் உண்டு.

உள்ளே இருக்கும் ஏற்பாடு எளிமையானது. நாணயத்தின் ஒரு பக்கத்தில் ஹோலோகிராம் ஸ்டிக்கர், அதற்கு அடியில் பிரைவேட் கீ அச்சிட்ட சின்னக் காகிதம். கணக்கு எண் மாதிரியான பிட்காயின் முகவரியின் முதல் 8 எழுத்துகள் மட்டும் வெளியே தெரியும். அதை வைத்து, பிட்காயின் பரிமாற்றங்கள் பதிவாகும் பொதுப் பேரேடான பிளாக்செயினில் இருப்பைப் பார்க்கலாம், நாணயத்தைத் தொடவே வேண்டாம். நான் அவ்வப்போது பார்ப்பேன். வங்கிப் பாஸ்புக் மாதிரி மனதுக்கு நிம்மதி. ஆனால் அந்தக் கணக்கு சொல்வது இன்றுவரை யாரும் எடுக்கவில்லை என்பதை மட்டும்தான். அந்தக் கீ வேறு யாரிடமும் இல்லை என்று அது சொல்லாது.

இந்தப் பொருளின் ஆதாரமான பலவீனமே இதுதான். கீயை உருவாக்கி, அச்சிட்டு, ஒட்டியவர் ஒரே மனிதர். பிரதி எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்ற அவர் வார்த்தையை நம்பித்தான் நாம் வாங்குகிறோம். நான் நம்புகிறேன், இத்தனை வருடத்தில் என் இருப்பு அப்படியே இருக்கிறது. அவரே இதை யோசித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய மரியாதையைத் தந்தது: பிரைவேட் கீயைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டும், 2012இல் வந்த பிப்-38 (BIP-38) முறையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். வாங்குபவரின் கடவுச்சொல் இல்லாமல் கீயைத் திறக்க முடியாதபடி, செய்பவருக்கே அது தெரியாதபடி நாணயம் தயாரிக்க அந்த முறை வழி செய்தது. என் நாணயம் அந்த வகை இல்லை.

அடுத்த கவலை ஸ்டிக்கர். உரித்தால் தேன்கூடு போன்ற தடம் நாணயத்தில் தங்கிவிடும், திரும்ப ஒட்டி ஏமாற்ற முடியாது என்பது ஏற்பாடு. ஆனால் பசையை இளக்கும் கரைப்பானை ஊசியால் செலுத்தித் தடமில்லாமல் தூக்க முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதனால் பல கை மாறிய நாணயத்தில் ஸ்டிக்கரின் ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்காமல் நான் பணம் கொடுக்க மாட்டேன்.

பராமரிப்பில் பெரிய வேலை இல்லை. வெள்ளி கறுக்கும், கறுக்கட்டும். வெள்ளிப் பாத்திரம் துலக்கும் திரவம் எதையும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது, பசை போய்விடும். காற்றுப் புகாத கேப்சூல், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான். பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் அது வெள்ளியைக் கெடுக்கும்.

காப்பீடுதான் கசப்பான அனுபவம். நான் அணுகிய நிறுவனம் இதை வெள்ளியாக எடைபோட்டு அதற்கு மட்டும் மதிப்புத் தர முன்வந்தது. உள்ளே இருக்கும் பிட்காயினை எண்மச் சொத்து என்று ஒதுக்கிவிட்டது. இது நியாயமே இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். காகிதம் தொலைந்தால் சொத்தும் தொலைகிறதே!

2017 ஆகஸ்டில் பிட்காயினிலிருந்து பிட்காயின் கேஷ் என்ற தனி எண்ம நாணயம் பிரிந்தபோது, என் முகவரிக்கும் அதில் அதே அளவு இருப்பு வந்தது. எடுக்க வேண்டுமானால் ஸ்டிக்கரை உரிக்க வேண்டும். நான் உரிக்கவில்லை, அந்தத் தொகைக்காக ஒரு முழு நாணயத்தை உடைக்க மனம் வரவில்லை. விலை ஏறும்போதெல்லாம் இந்தக் கேள்வி திரும்ப வரும். உரிப்பது என்று முடிவு செய்தால், கீயை வாலட்டில் (பிட்காயினைக் கையாளும் செயலியில்) சேர்த்து வைத்துக்கொள்ளாமல், மொத்தத் தொகையையும் உடனே புதிய முகவரிக்கு மாற்றிவிடுவதுதான் சரி. இதிலிருப்பது சுருக்கமான பழைய வகைக் கீ, எல்லா வாலட்டும் அதை ஏற்காது, எலக்ட்ரம் என்ற வாலட் ஏற்கும்.

நாணயத்தின் அழகு மட்டும் போதும் என்பவர்களுக்கு ஏற்கெனவே உரித்த நாணயங்களைச் சொல்வேன். விலை பல மடங்கு குறைவு, இருப்பைப் பற்றிய கவலை இல்லை, தைரியமாகக் கையில் எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.